பூட்டாத ஊர்

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குப் பூட்டு என்றால் பூட்டுதான். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது பத்து வயதில், 1973 மே மாதத்தில், கோலார் தங்கவயலில் என் மாமா வீட்டு வாசற்படியில். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, சட்டையெல்லாம் ரயில் கரியோடு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்த அத்தை, "வா கண்ணு, மாமா ஷிப்டுக்குப் பூட்டாரு, ரெண்டு மணிக்கு மேலதான் வருவாரு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமாவை யாரோ பூட்டிவிட்டார்கள், அதுவும் பிற்பகல் இரண்டு மணி வரைக்கும் என்றுதான் என் காதில் விழுந்தது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து, போகிற வழியில் கன்னடத்தையும் தெலுங்கையும் கொஞ்சம் அள்ளிப்போட்டுக்கொண்ட அந்த ஊர்த் தமிழில் 'பூட்டாரு' என்றால் 'போய்விட்டார்' என்று அர்த்தம் என்பதை அம்மா விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுது முடித்திருந்தேன்.

மாமா அந்த ஊருக்குப் போன கதை ஓர் அரத்தில் தொடங்குகிறது. குடைப்பாறைப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையே பட்டறை. அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து பூட்டு ராவுவார்கள். தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் ஒரு மணி நேர வேலை என்றால், உள்ளே உட்காரும் பித்தளை லீவர்களைச் சாவியின் பல்லுக்குத் தக்கபடி ராவி ராவி இணக்குவது அரை நாள் வேலை. அந்தத் தெருவில் அன்றைக்கு எழுந்த சத்தம் அதுதான்: விடிந்தால் பத்து வீட்டில் அரம் ஓடும் சத்தம், அந்தியில் ஒவ்வொன்றாக அது ஓயும் சத்தம். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, திறக்கும்போது மணியடிக்கும் பெல் பூட்டு என்று எத்தனையோ வகை. எங்கள் அப்பா மாங்காய்ப் பூட்டுக்காரர். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் நுழையாது என்பதை அவர் சத்தியம் செய்வதுபோலச் சொல்வார்.

1958ல், கையில் அரம் பிடிக்கத் தெரிந்த பையன்களுக்குத் தங்கவயலில் ஃபிட்டர் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, இருபத்திரண்டு வயது மாமா கிளம்பினார். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்து, அதுவரை யாருக்கும் செய்யாத அளவுக்கு எட்டு லீவர் வைத்து, ஒரு வாரம் இழைத்து இழைத்து முடித்து, மச்சினனின் பெட்டியில் வைத்தார். "தங்கம் தோண்டுற ஊராம் மாப்ளே. எவன் எப்படி இருப்பானோ. கதவு பத்திரம்" என்றாராம். சாவி இரண்டு. ஒன்று மாமாவோடு போயிற்று. மற்றொன்றை அம்மா, தம்பி திரும்பி வரும் நாளுக்கு என்று அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் போட்டு வைத்தாள். நான் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் எங்கள் வீட்டு ரசத்தில் அந்த இரும்பு வாடை கொஞ்சம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் அங்கே போவது கோடை விடுமுறையில். திண்டுக்கல்லில் மே மாதம் எப்படி இருக்கும் என்று சமவெளியில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் கரூர், நாமக்கல் தாண்டிச் சேலம், அங்கிருந்து இரவு ரயிலில் ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருபேட்டை, அங்கே இறங்கிக் குளிரக் குளிர ஒரு சின்ன ரயிலுக்குக் காத்திருத்தல். அந்தக் கிளைப் பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று மாரிக்குப்பத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, சுரங்கம்தான் உண்டு. புல்லும் புதருமான வறண்ட மேட்டுநிலம், ஆங்காங்கே பாறை, நடுவே வானத்தில் சுழலும் ராட்சதச் சக்கரங்கள். அந்தச் சக்கரங்கள் ஏற்றி இறக்கும் கேஜுக்குள்தான் மாமா தினமும் நின்றுகொண்டு பூமிக்குள் போனார்.

அங்கே ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது: மின்விளக்கு. எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் நட்டு ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. தங்கவயலுக்கோ 1902லேயே காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். பெங்களூருக்கே அது 1905ல்தான் போயிற்று. நடுவில் கிடந்த ஊர்களெல்லாம் இருட்டில் இருக்க, அவர்கள் தலைக்கு மேலே சுரங்கத்துக்கு வெளிச்சம் ஓடியது. பொன் இருக்கும் இடத்துக்குத்தான் விளக்கு முதலில் வரும் என்று மாமா சொல்வார். அதைச் சொல்லும் அவர் குரலில் பெருமையும் இருக்கும், வேறு ஏதோவும் இருக்கும். அந்த வேறு ஏதோ என்னவென்று விளங்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் மாமாவுக்கு முன்பே ஒரு சொந்தம் உண்டு. 1755ல் திண்டுக்கல் கோட்டைக்குப் பௌஜ்தாராக வந்து, இங்கிருந்தபடியே தன் படையைப் பெருக்கிக்கொண்டு மைசூரையே கைக்குள் போட்டுக்கொண்ட ஹைதர் அலி பிறந்ததாகச் சொல்லப்படும் பூதிக்கோட்டை, தங்கவயலுக்குப் பக்கத்து ஊர்தான். அந்த மனிதர் தங்கத்தின் மேலேயே நடை பழகிவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் என்று என் வரலாற்று வாத்தியாரிடம் சொல்லி, அவரை ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வைத்திருக்கிறேன். அவர் மகன் திப்பு 1799ல் விழுந்த பிறகு எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார லெப்டினென்ட், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802ல் பார்த்து எழுதிவைத்தார். மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னால் அலசிக் காட்டினார்களாம். அதைப் படித்துவிட்டு, எழுபது வருஷம் கழித்து, லவெல் என்ற அயர்லாந்து சிப்பாய் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி கேட்டார். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பிறகு வந்ததெல்லாம் நம் ஜனங்கள்: சேலம், தருமபுரி, வட ஆற்காடு, சித்தூர் என்று மழை பொய்த்த பூமிகளிலிருந்தும், சேரிக்கு வெளியே தண்ணீர் மொள்ளவிடாத ஊர்களிலிருந்தும், மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அவர்கள் உடம்பை மட்டும் கொண்டுவரவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. அவர் காலத்துக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழை 1926ல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது இந்தச் சுரங்க ஊரிலிருந்துதான். சித்தார்த்த புத்தகசாலை என்று ஒன்று, பகலில் பாறை பிளந்தவர்கள் ராத்திரியில் படிப்பதற்காகப் புத்தகம் போட்டது. அத்தையின் தாத்தா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது நாற்பது வயதில், விளக்கடியில், அங்கேதானாம். 1930ல் தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு நாள்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் கதையை அத்தை சொல்லும்போது கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்வார். தாத்தா அப்படித்தான் மடக்கிக் காட்டுவாராம்.

லைன் வீடு என்றால் ஒரு கூடமும் அடுப்படியும்தான். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருபது வீடு, அதற்கு எதிரே இருபது வீடு, நடுவில் தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் பத்து வீட்டுக்குச் சோறு இறங்கும். வந்த அன்று சாயங்காலமே நான் கவனித்தது, எந்தக் கதவிலும் பூட்டு இல்லை என்பதை. அப்பா ஒரு வாரம் இழைத்த எட்டு லீவர் மாங்காய்ப் பூட்டு, கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், சட்டைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுச் செய்கிறவன் மகனுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. "ஏன் அத்தை பூட்ட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன். "காலைல ஷிப்டுக்காரரு வருவாரு, மத்தியானத்துல ஷிப்டுக்காரரு வருவாரு, ராத்திரிலயும் வருவாரு. எல்லா வூட்டுலயும் எப்பவும் ஆள் இருக்குது. யாருக்கோசரம் பூட்டுறது?" என்றார். காலுக்கடியில் உலகத்தின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று, மேலே தாழ்ப்பாள்கூடப் போடாத நாற்பது கதவு. எங்கள் ஊரிலோ, பீரோவில் இரண்டு பட்டுப்புடவை இருந்தால் போதும், மூன்று பூட்டுத் தொங்கும்.

ஊரை நடத்தியது சங்கு. சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். பகல் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் சுரங்க வாசல் பக்கம் ஓடுவோம். சோதனை முடிந்து, ஆள் ஆளாக, முகம் தெரியாத அளவுக்குத் தூசியோடு வருவார்கள். எல்லாரும் ஒரே நிறம். அதில் மாமாவை நான் கண்டுபிடித்தது நடையை வைத்து: திண்ணையில் சம்மணமிட்டுப் பட்டறை வேலை பார்த்த கால், கொஞ்சம் அகட்டி அகட்டி நடக்கும். "வாடா மருமகனே" என்று அவர் என் தலையில் வைக்கும் கை சுடும். கீழே பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்றும், குளிர்ந்த காற்றை மேலிருந்து இறக்கினால்தான் மனிதன் நிற்க முடியும் என்றும், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனால் மேலே மழையா வெயிலா என்பதே மறந்துவிடும் என்றும் சொல்வார்.

மாமா சொன்ன கதைகளில் நான் நம்பாத கதை ஒன்று இருந்தது. சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாயிலிருந்து படித்தவர்கள் வந்து பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கி வைத்து, வானத்திலிருந்து வரும் எதையோ பிடிக்கக் காத்திருக்கிறார்கள் என்றார். "வானத்துல இருக்கிறத எதுக்கு மாமா கிணத்துக்குள்ள தேடுறாங்க?" என்றேன். "மத்ததெல்லாம் பாறையில மாட்டிக்கிமாம் மாப்ளே. அது ஒண்ணுதான் பாறையையும் தாண்டி வருமாம். அதனாலதான் இங்க உக்காந்து காத்திருக்காங்க" என்றார். கல்லூரியில் படிக்கும்போதுதான், டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த செய்தியைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் நடந்த ஆய்வும் அதே வருஷம் கண்டது. உலகத்தில் அவைதான் முதல். எட்டாவதுக்கு மேல் படிக்காத என் மாமா, எந்தப் பேராசிரியரும் பிறகு எனக்கு விளக்காத அளவுக்குத் தெளிவாக அதை ஒரு மே மாத ராத்திரியில், நிலாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சொல்லிவிட்டிருந்தார்.

அதே பாயில் படுத்திருந்த ஒரு ராத்திரி, 1975 என்று நினைக்கிறேன், பூமி ஒரு தடவை உதறியது. சத்தம் என்று சொல்ல முடியாது. அடுப்படிப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று மெல்ல உரசிக் கிணுகிணுவென்று ஒலித்தன, ஓய்ந்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். எதிர் லைனில் விளக்கு எரிந்தது, பக்கத்தில் எரிந்தது, நாற்பது வீட்டிலும் எரிந்தது. யாரும் பேசவில்லை. எல்லாப் பெண்களும் அப்படியே, செருப்பில்லாமல், தலையை முடிந்துகொண்டு சுரங்க வாசலுக்கு நடந்தார்கள். ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மாமா அன்று ராத்திரி ஷிப்டு. விடியும் வரைக்கும் நானும் நின்றேன். கேஜ் மேலே வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு மூச்சு உள்ளே போகும், முகத்தைப் பார்த்ததும் யாரோ ஒருத்தி விசும்பி உட்காருவாள், மற்றவர்கள் அவளைத் தொட்டுவிட்டு மறுபடி காத்திருப்பார்கள். மாமா ஏழாவது தடவையில் வந்தார். அத்தை அவரோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. எதிர் வீட்டுக்காரரும் வரும்வரை, அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தார். இன்றைக்கும் எங்காவது டம்ளர்கள் தானாக உரசினால் எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றுகிறது.

அந்த ஊரின் விளையாட்டு மைதானம் சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சாம்பல் மண்ணை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி எழும்பிய மலைகள். மழை பெய்து வழிந்து வழிந்து மடிப்பு மடிப்பாக, பார்க்கப் பாலைவனம் போலவே இருக்கும். காற்றடித்தால் அந்தப் பொடி பறந்து கொடியில் காயும் துணியில், குழம்பில், கண்ணில். நாங்கள் அதன் உச்சியில் ஏறிச் சறுக்கிக்கொண்டு வருவோம். ஒருநாள் அதன் அடிவாரத்தில் மஞ்சளாக மின்னும் ஒரு கல் கிடைத்தது. ஒருவருக்கும் சொல்லாமல் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து, என் தகரப் பெட்டியில் வைத்து, அப்பாவிடம் கெஞ்சி ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் பூட்டி, ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பணக்காரனாக வாழ்ந்தேன். அக்காவின் கல்யாணத்துக்கு நகை நான் போடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். கடைசியில் ஆசாரியிடம் எடுத்துக்கொண்டு போனபோது, அவர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, "நல்ல கல்லுதான் தம்பி. பத்திரமா வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெரியவரின் இரக்கம் தங்கத்தைவிடப் பெரியது. அந்தக் கல் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

தங்கவயலின் நிஜத் தங்கமும் கடைசியில் அந்தக் கல்லைப் போலவே ஏமாற்றியது. 1956ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசுக்குப் போயிற்று, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயராயிற்று. கொழுத்த பாறையை எல்லாம் வெள்ளைக்காரக் காலத்திலேயே வாரிவிட்டிருந்தார்கள். ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது, பாறையில் பொன் இறங்கியது. கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் மூன்று கிராம் தேறுவதே பாடு. நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மாமா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இருந்தாலும் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சுரங்க வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்ததாக அத்தை போனில் சொன்னார். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, சங்கு ஊதும் என்று வெகுநேரம் காத்திருந்தாராம்.

அதே வருஷங்களில் குடைப்பாறைப்பட்டியிலும் அரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. அலிகாரிலிருந்து மிஷினில் அடித்த பூட்டு, எங்கள் பூட்டின் பாதி விலையில் வந்து இறங்கியது. அப்பா ஒரு பூட்டை ராவி முடிப்பதற்குள் அங்கே நூறு பூட்டு பெட்டியில் ஏறிவிடும். கற்றுக்கொள்ளப் பையன்கள் வரவில்லை. நானும் வரவில்லை, படித்து, கணக்கர் வேலைக்குப் போனேன். அதற்காக அப்பா ஒரு சொல்லும் சொன்னதில்லை. நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் போக, மிஞ்சிய சில கிழவர்களின் கையில்தான் தொழில் நின்றது. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று, அப்பாவின் படத்துக்குப் பூ வைத்தேன். இன்று வெளியூரில் திண்டுக்கல் என்று சொன்னால் பிரியாணி என்கிறார்கள். நானும் சந்தோஷமாகச் சாப்பிடுகிறவன்தான். ஆனாலும் ஊர்ப் பெயரை ஒருவர் சொல்லும்போது பூட்டு என்ற சொல் வருகிறதா என்று ஒரு கணம் காத்திருப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

போன வருஷம் தங்கவயலுக்குப் போனேன். மாமா இல்லை. பாறைத்தூள் புகுந்த நெஞ்சோடு, அந்த ஊரில் பலரும் இருமிக்கொண்டே போனதுபோல, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் சுரங்கம் இருந்த காலத்தைப் பொற்காலம் என்று எழுத என் கை வராது. எந்தப் பிள்ளையும் இனிச் சுரங்க வாசலில் விடிய விடிய நிற்க வேண்டாம், அது நல்லது. மாமாவின் பேரன் பூமிக்கு மேலே, குளிரூட்டிய கட்டடத்தில், பெங்களூரில் வேலை பார்க்கிறான். அது மிக நல்லது. சக்கரங்கள் நின்ற கோபுரங்களைச் சுற்றி முள் மண்டிக் கிடக்கிறது, சுரங்கத்துக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, வானத்தைத் தேடியவர்கள் எப்போதோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சினிமாக்காரர்கள் வந்தார்கள், 'கே.ஜி.எஃப்' என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. 2024ல் 'தங்கலான்' வந்தபோது அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எங்க தாத்தா மாதிரி நடந்தாங்க கண்ணு" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தது பகல் பதினொரு மணிக்கு. அதே லைன், அதே பொதுச் சுவர். கண்ணில் முதலில் பட்டது பூட்டுகள். நாற்பது கதவில் முப்பதுக்கு மேல் பூட்டு: பித்தளைப் பூட்டு, எண் பூட்டு, விரலை வைத்தால் திறக்கும் பூட்டுகூட ஒன்று. கைரேகை தரமாட்டோம் என்று கட்டைவிரலை மடக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த விரலால்தான் தங்கள் வீட்டைத் திறக்கிறார்கள். தங்கம் இருந்தபோது பூட்டாத ஊர், தங்கம் தீர்ந்த பிறகு பூட்டிக்கொண்டிருந்தது. எண்பது வயது அத்தை மட்டும் திறந்த கதவுக்கு முன்னால், கேழ்வரகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, எல்லா வீடும் பூட்டிக் கிடக்கு?"

"எல்லாரும் பூட்டாங்க கண்ணு" என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு முன் அழுத அதே இடத்தில் நின்றிருந்தேன். பூட்டிவிட்டார்களா, போய்விட்டார்களா? இந்தத் தடவை அம்மா இல்லை, விளக்குவதற்கு. விளக்கவும் தேவையிருக்கவில்லை. விடியற்காலை நாலரைக்கெல்லாம் சாப்பாட்டுப் பையோடு ரயிலேறி, மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பெங்களூருக்குப் போய், வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள், ஆயிரக்கணக்கில். முன்பு சுரங்கம் கீழே இழுத்துக்கொண்ட அதே நேரத்தில் இப்போது ரயில் மேற்கே இழுத்துக்கொள்கிறது. ஷிப்டு மாறி மாறி யாராவது வீட்டில் இருந்த காலம் போய், எல்லாருக்கும் ஒரே பகல், ஒரே ராத்திரி. அதனால் பகலெல்லாம் ஆளில்லாத லைன்.

பையிலிருந்து அம்மாவின் அஞ்சறைப் பெட்டிச் சாவியை எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால், ஆணியில், பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பினேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு தடவையும் கதவில் பூட்டப்படாத பூட்டு, எட்டு லீவரும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, அப்பா சொன்ன சத்தியம் மாறாமல் திறந்தது. "வச்சுக்கோ, எடுத்துக்கினு போ" என்றார் அத்தை. நான் அதை மறுபடி ஆணியிலேயே மாட்டினேன்.

ராத்திரி ஒன்பதுக்கு ரயில் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அவர் வீட்டுக்கு வருகிறவன் ஒரு பேரன்தான், அவர் வைத்ததோ பத்துப் பேருக்குத் தேநீர். "நின்னுக்கினே வர்றாங்க கண்ணு, பாவம்" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் பேச்சுக் குரல்கள் நெருங்கின, லைனுக்குள் நுழைந்தன, ஒவ்வொன்றாகக் கதவுகளின் முன் நின்றன. பிறகு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், பூட்டுகள் திறக்கும் சத்தம்.

குடைப்பாறைப்பட்டியில் அரங்கள் ஓய்ந்த பிறகு, ஒரு தெரு முழுக்க அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.